நாலாம் அறையில் அசையாத எண்

ஆட்டோ அரும்பாவூர் ரோட்டிலிருந்து திரும்பும்போதே நாற்றம் வந்துவிட்டது. வழியில் ஏதோ நாய் அடிபட்டுக் கிடக்கிறது என்றுதான் பூங்குழலி முதலில் நினைத்தாள். ஆட்டோக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"வெங்காய குடோனுங்க. மழை விட்டதுலேருந்து இப்படித்தான். எங்க வூட்டு வரைக்கும் அடிக்குது."

கேட்டுக்கு வெகு முன்னாலேயே அவளை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பூங்குழலிக்குக் கல்யாணமாகி வீடு அரியலூரில். கணவன் பழனிவேலுக்கு அங்கே ஒரு சிமென்ட் ஆலையில் வேலை. அவள் தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்து, அண்ணன் பிரசாத்தோடு சேர்ந்து பாலக்கரைப் பக்கம் ஒரு கடை நடத்தினாள். கேமரா மாட்டுவது, கம்ப்யூட்டர்களுக்குக் கேபிள் இழுப்பது மாதிரியான வேலைகள். வேலை பிடிப்பது அண்ணன். அதைச் சரியாக முடித்துக் கொடுப்பது பெரும்பாலும் அவள். ஆனால் அரும்பாவூர் குடோன் வேலை வந்தபோது அவள் பிரசவத்துக்காக வீட்டில் இருந்தாள். அதைப் பிரசாத் தன் கையாலேயே செய்தான்.

அது விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு கம்பெனியின் குடோன். சின்ன வெங்காயத்தை வயலோரம் பட்டறையாகக் குவித்து, மேலே ஓலை மூடி வைத்துப் பழகியவர்கள், மழைக்குப் பயந்து இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். அதில் பெரும்பங்கு அடுத்த நடவுக்கான விதை வெங்காயம். குடோனில் நாலு அறை. ஒவ்வோர் அறையிலும் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சென்சார். அது கேபிள் வழியாக முன்பக்க ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எண்ணை அனுப்பும். எண் அளவுக்கு மேல் போனால் அந்த அறையின் ஃபேன்கள் தானாக ஓடி ஈரக்காற்றை வெளியே தள்ளும். மழை பெய்யும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. இந்த ஐப்பசி மழையில் மூன்று அறைகளில் வெங்காயம் நன்றாக இருந்தது. நாலாவது அறையைத் திறந்தபோது மொத்தமும் அழுகிக் கிடந்தது.

"நான் போனா சண்டை ஆயிடும், நீ போயிட்டு வா" என்று காலையில் கடையில் வைத்துப் பிரசாத் சொல்லியிருந்தான். "டெஸ்டர மாட்டிக் காட்டு. எல்லாம் பச்சையா எரியும். கேபிள்ல ஒரு குறையும் இல்ல, கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருந்த பொண்ணு தூங்கிட்டான்னு சொல்லிட்டு வந்துரு. அவ்வளவுதான்."

"அந்தப் பொண்ணு தூங்குனது உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற என்ன பண்ணியிருப்பா?"

குடோன் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. நாலாம் அறையின் கதவடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்து, சிமென்ட் தரையின் பள்ளங்களில் தேங்கி நின்றது. அதன்மேல் ஈக்கள் ஒரு போர்வை மாதிரி உட்கார்ந்திருந்தன. யாராவது நடந்தால் போர்வை எழும்பி மறுபடி படியும். முகத்தில் துண்டு கட்டிய ஆட்கள் மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் போட்டார்கள். வெங்காயம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. சிவப்புத் தோல்கள் ஒட்டிய ஒரு கூழ். அதற்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. நாற்றம் மூக்கோடு நிற்காமல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. பூங்குழலி எச்சிலை விழுங்கப் பயந்து துப்பினாள். துப்பிய பிறகும் அது போகவில்லை.

ஆட்களுக்கு நடுவில் சுடிதார் போட்ட ஒரு பெண் மட்டும் மண்வெட்டி இல்லாமல் வெறும் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். துப்பட்டாவால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். முழங்கை வரை பழுப்பு வழிந்தது.

ஆபீஸ் வாசலில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நாற்காலி போட்டு, கம்பெனித் தலைவர் சிவசுப்பிரமணியன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. கையில் சென்ட் நனைத்த கைக்குட்டை.

"வாம்மா. பிரசாத் தங்கச்சிதானே? அண்ணன் போன் பண்ணுச்சு."

"அங்க வெறுங்கையில அள்ளுறது யாருங்க?"

"அதுதான் மலர்கொடி. கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டிருந்த பொண்ணு. காலனிப் பொண்ணு, டிகிரி படிச்சிருக்கேன்னு வந்துச்சு, பாவம்னு வேல குடுத்தோம். தூங்கி வழிஞ்சிருக்கு. நீதானே அழுக விட்ட, நீயே அள்ளுன்னு சொல்லிட்டேன்." கைக்குட்டையை முகர்ந்துவிட்டு, ஏதோ கரிசனமாகப் பேசுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தாம்மா. நம்மளாட்டம் கொமட்டாது."

பூங்குழலி அவர் நாற்காலியைத் தாண்டி ஆபீஸுக்குள் போனாள்.  

கம்ப்யூட்டர் திரையில் நாலு அறைக்கு நாலு கட்டம். முதல் மூன்று கட்டங்களில் எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நாலாவது கட்டத்தில் அறுபத்து நாலு என்று பச்சை எழுத்தில் நின்றது. வெளியே அந்த அறையிலிருந்து கூடை கூடையாகக் கூழ் போய்க்கொண்டிருக்க, திரை அங்கே எல்லாம் உலர்வாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் டெஸ்டரை எடுத்து நாலாம் அறைக் கேபிளின் ஒரு நுனியில் ஒரு பாதியை மாட்டினாள். மறுநுனியில் இன்னொரு பாதியை ஓர் ஆளை விட்டு மாட்டச் சொன்னாள். விளக்குகள் வரிசையாகப் பச்சையில் எரிந்தன.

"பாத்தியா, பிரசாத் சொன்னாப்லயே இருக்கு" என்று பின்னால் வந்து நின்ற சிவசுப்பிரமணியன் பெருமூச்சு விட்டார். "சரி, நீ கெளம்பும்மா. இந்த நாத்தத்துல எதுக்கு நிக்கற?"

அவள் கிளம்பியிருக்கலாம். அண்ணன் சொன்ன வேலை முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பச்சை எண் அவள் கண்ணை உறுத்தியது.

"எல்லா ஃபேனையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சார்."

ஃபேன்கள் நின்றன. குடோன் அமைதியானது. அவள் கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். நாலாவது கட்டம் ஒரு முறை வெட்டியது. அறுபத்து நாலு மறைந்து தொண்ணூற்றெட்டு வந்தது, எழுத்து சிவப்பானது. ஃபேனைப் போடச் சொன்னாள். மோட்டார்கள் உறுமின. தொண்ணூற்றெட்டு அப்படியே உறைந்து நின்றது. மறுபடி அசையவில்லை.

அவள் கேபிள் நுனியைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரியான கனெக்டருக்குள் கம்பிகளின் நிறம் தெரிந்தது. ஆரஞ்சு பக்கத்தில் ஆரஞ்சு, பச்சை பக்கத்தில் பச்சை, நீலம் பக்கத்தில் நீலம் என்று அழகாக அடுக்கியிருந்தது. அந்த அடுக்கு அவளுக்குத் தெரியும். கடை ஆரம்பித்த புதிதில் இதற்காக அண்ணனோடு சண்டை போட்டிருக்கிறாள். 'ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டா போதும், வேல செய்யும்' என்பான் அவன்.

பிறகு கேபிள் போன வழியே பின்சுவருக்குப் போனாள். ஃபேன் மோட்டார்களுக்குப் போகும் கரண்ட் லைனும் அதே பைப்புக்குள்தான் போயிற்று. பாதி வழியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மூடியைத் திறந்து கையை விட்டாள். பிசுபிசுவென்று ஏதோ விரலில் ஒட்டியது. கையை உதறியபோது கரப்பான்பூச்சிகள் சிதறி அவள் புறங்கையில் ஏறி ஓடின. உள்ளே எலிப் புழுக்கைக்கும் செத்த பல்லிக்கும் நடுவில் கேபிளில் ஓர் ஒட்டு இருந்தது. கேபிள் எட்டாமல் போயிருக்க வேண்டும். ஒரு முழ நீளத்துக்கு முறுக்கைப் பிரித்து, கம்பிகளை நேராக நீட்டி, பிரசாத் டேப் சுற்றி வைத்திருந்தான். அதன்பிறகு அவன் உள்ளே பார்த்தே இருக்க மாட்டான். யாரும் மூடியைத் திறக்கப் போவதில்லை என்று நினைத்திருப்பான்.

அவள் சுவரோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள்.

மலர்கொடிதான் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். பாட்டிலை நீட்டப் போய், தன் கையைப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள்.

"கொப்புளிச்சுக்குங்கக்கா. மூடியத் தொடைச்சுட்டுக் குடிங்க. என் கை பட்டிருக்கு."

பூங்குழலி துடைக்காமல் குடித்தாள். பிறகு கேட்டாள்: "அந்த நம்பர் அசையாம நின்னத நீ கவனிக்கலியா?"

மலர்கொடி ஆபீஸ் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"கவனிச்சேங்க்கா. ஆடி மாசமே உங்க அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வந்து பாத்தாரு. இப்ப நீங்க பண்ணுனீங்களே, அதேதான். ஃபேன நிறுத்துனாரு, நம்பர் ஓடுச்சு. ஃபேன போட்டாரு, நின்னுடுச்சு. 'சின்னக் கோளாறுதான், மழைக்கு முன்னாடி வந்து மாத்திடறேன், தலைவருகிட்ட சொல்லி என் பேரக் கெடுத்துடாத'ன்னாரு. போறப்ப ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாரு. தங்கச்சி மாதிரின்னு சொன்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் போன எடுக்கவே இல்ல. மழை ஆரம்பிச்சதும் அந்த ரூம் பக்கம் லேசா வாட அடிச்சுது. தலைவருகிட்ட போய்ச் சொன்னேன். 'வெங்காயம்னா நாறத்தான் செய்யும், கம்ப்யூட்டர்ல பச்சையாத்தானே இருக்கு'ன்னாரு. நேத்து எல்லாத்தையும் சொல்லிப் பாத்தேன். யாரும் காதுல வாங்கல."

பூங்குழலி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"உனக்குத் தெரியுமாமே. ஆடியிலயே வந்து பாத்தியாமே."

மறுமுனையில் அவன் யாரிடமோ 'ஒரு நிமிஷம் சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்து வந்தான். "யாரு சொன்னா? அந்தப் பொண்ணா?"

"ஆமாவா இல்லியா?"

"இங்க பாரு குழலி. வேல ஜாஸ்தி, மறந்துட்டேன். இப்ப அத ஏன் கெளர்ற? அவ சொன்னா யாரு நம்பப் போறா? நீ வாயத் தெறக்காம வந்தா முடிஞ்சுது."

அவன் குரலில் பயமோ வருத்தமோ இல்லை. சாப்பாட்டுக் கடையில் பில் தப்பாக வந்ததைப் பேசுவது போலப் பேசினான். சின்ன வயதில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் இவன்தான். அந்தக் குரலை இனி எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, கர்ச்சீப்பால் துடைத்தாள்.

உள்ளே வந்து சிவசுப்பிரமணியனிடம் தன் பையிலிருந்த ஒரு கேபிள் துண்டைக் காட்டினாள்.

"சார், இதுல ரெண்டு ரெண்டு கம்பியா முறுக்கியிருக்கறதப் பாருங்க. ஒவ்வொரு முறுக்கும் ஒரு ஜோடி. கம்ப்யூட்டர் ஒரு கம்பிய மட்டும் தனியாப் பாக்காது. ஜோடியில இருக்கற ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு பாத்துத்தான் சேதியப் படிக்கும். பக்கத்துல மோட்டார் லைன் ஓடுனா அதோட எரைச்சல் கம்பியில ஏறும். ரெண்டுலயும் ஒரே அளவு ஏறுச்சுன்னா, வித்தியாசம் பாக்கும்போது அது கழிஞ்சு போயிடும்."

"சரி..."

"நேரா ஓட விட்டா மோட்டார் பக்கமா இருக்கற கம்பியில அதிகமா ஏறும், தள்ளி இருக்கறதுல கம்மியா ஏறும். அதுக்குத்தான் முறுக்கறது. கொஞ்ச தூரம் இது கிட்டப் போகும், கொஞ்ச தூரம் அது கிட்டப் போகும். கடைசியில ரெண்டுலயும் சமமா வந்துடும். கம்ப்யூட்டர் மூணாவது கம்பியையும் ஆறாவது கம்பியையும் ஒரு ஜோடியாத்தான் படிக்கும். இங்க நெறம் பாத்து வரிசையா அடுக்குனதுல அந்த ரெண்டும் வேற வேற ஜோடியிலேருந்து வந்திருக்கு. ஒண்ணோட ஒண்ணு முறுக்காத கம்பிங்க. முறுக்கு இருந்தும் பிரயோசனமில்ல. போதாக்குறைக்கு நடுவுல முறுக்கப் பிரிச்சு ஒட்டுப் போட்டு, மோட்டார் லைனோட ஒரே பைப்புல விட்டிருக்கு."

"டெஸ்டர்ல பச்சையா எரிஞ்சுதே?"

"அது கம்பி இந்த முனையிலேருந்து அந்த முனைக்குப் போகுதான்னு மட்டும் பாக்கும். எது எதோட முறுக்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. மத்த மூணு ரூமும் கிட்ட இருக்கு, கேபிள் சின்னது, தாக்குப் புடிச்சுது. நாலாவது ரூம் கடைசியில இருக்கு. மழையில மத்த ஃபேனெல்லாம் ஓயாம ஓடுச்சு, இதுலேருந்து சேதியே வரல. கம்ப்யூட்டர் பழைய நம்பரையே காட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த ரூமு ஃபேன் ஓடவே இல்ல. மலர்கொடி மேல ஒரு தப்பும் இல்ல சார். அவ எங்க அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கா, உங்ககிட்டயும் சொல்லியிருக்கா."

சிவசுப்பிரமணியன் கைக்குட்டையை மடித்தார். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீ சொல்றது புரியுதும்மா. ஆனா இத வெளிய சொன்னா யாருக்கு லாபம்? உங்க அண்ணன் எனக்கு வேண்டிய ஆளு. வேலைய அவன்கிட்ட குடுத்தது நான். அந்தப் பொண்ண நிறுத்தியாச்சு, ஜனங்க கோவமும் அடங்கிடுச்சு. இத்தோட விட்டுடு. அதுக்கு வேற எடத்துல ஒரு வேல பாத்து விடறேன்."

மூடிய அறைக்குள் அவருடைய சென்ட் வாசனையும் வெளி நாற்றமும் ஒன்றாகக் கலந்தன. அந்தக் கலவை வெளியே இருந்ததைவிட மோசமாக இருந்தது. பூங்குழலி கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க" என்று கத்தினாள்.  "நான் பிரசாத்தோட தங்கச்சி. இந்தக் கேபிளப் போட்டது எங்க கடை. தப்பாப் போட்டிருக்கோம். எங்க அண்ணனுக்கு ஆடியிலயே தெரியும். இந்தப் பொண்ணுதான் சொல்லியிருக்கா. இவ தூங்கல. இவ சொன்னத உங்க தலைவரும் கேக்கல."

பிறகு கேபிளைத் திரும்ப மாட்டி, ஃபேனை நிறுத்தி, போட்டு, திரையை எல்லோருக்கும் காட்டினாள். சிலர் ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் கூழ் வடியும் மண்வெட்டியோடு அப்படியே நின்றார்கள். வேல்முருகன் என்ற ஒருவர் அவளைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். சிவசுப்பிரமணியன் 'படிச்ச திமிரு' என்று முனகிக்கொண்டே காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இரண்டு பேர் கார் முன்னால் போய் நின்று மறித்தார்கள்.

செல்லக்கண்ணு என்ற வயதான விவசாயி மட்டும் மலர்கொடியிடம் போனார். அவருடைய விதை வெங்காயம் முழுக்க அந்த அறையில்தான் இருந்தது. அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ போயி கையக் கழுவு."

 நேற்றிலிருந்து அவள் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். மலர்கொடி தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

மத்தியானம் பூங்குழலி கடைக்கு வந்தபோது பிரசாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிரியாணிப் பொட்டலத்தின் ஓரத்தில் தயிர் வெங்காயம். அதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"குடும்பத்த நாறடிச்சுட்டு வந்துட்டியா?" என்றான், மெல்லுவதை நிறுத்தாமல். "மொதல்ல போயி குளி. கடையே நாறுது."

"ஒரு தடவயாவது அந்தப் பொண்ண நெனச்சுப் பாத்தியா? வெறுங்கையில புழுவ அள்ளிக்கிட்டிருந்தா."

"நானா அள்ளச் சொன்னேன்?"

அவன் விரலில் ஒட்டிய தயிரை நக்கினான்.  பூங்குழலி தன்னுடைய கருவிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நான் இனிமே வரலண்ணே."

"எங்க போயிடுவ? நாளைக்குக் காலையில வந்து நிப்ப பாரு."

அரியலூர் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒரு ஸ்டாப் தாண்டுவதற்குள் எழுந்து பின்னால் போய்விட்டார். வீட்டில் சிகைக்காய், சோப்பு, எலுமிச்சம்பழம் என்று எதைத் தேய்த்தும் தலைமுடியில் அந்த வாடை இருந்தது. குழந்தையைத் தூக்கினாள். அது அவள் கழுத்தில் முகம் புதைக்கப் போய், சட்டென்று தலையைத் திருப்பி அழுதது. மாமியார் வந்து வாங்கிக்கொண்டார்.

"ஊரு முன்னாடி சொல்லியிருக்க வேணாமோ?" என்று பழனிவேல் தயங்கித் தயங்கிக் கேட்டான். "தலைவரத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."

"தனியாத்தான் சொன்னேன். கதவச் சாத்திட்டாரு."

பழனிவேல் எழுந்து அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கப் போனான்.

குடோனில் அடுத்த கூட்டத்துக்கு சிவசுப்பிரமணியன் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் வேறு தலைவர் வந்துவிட்டார். விதைக்காக ஆட்கள் வாலிகண்டபுரம் பக்கமெல்லாம் அலைந்தார்கள். சிலர் அந்த முறை வெங்காயமே போடாமல் மக்காச்சோளம் போட்டார்கள். பூங்குழலி அரியலூரிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், கேபிள் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மோட்டார் லைனுக்கு எட்டத்தில் தனிப் பைப்பில் ஒட்டில்லாமல் புதிதாக இழுத்துக் கொடுத்தாள். நாலாம் அறையைப் பலமுறை கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அப்படியும் அவளால் அங்கே வாயைத் திறந்து மூச்சு விட முடியவில்லை.

பிரசாத் கடையை நடத்திக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு வேலையும் வந்துகொண்டிருந்தது. அம்மா போனில் அழுதாள். "கூடப் பொறந்தவன்டி. கோயில்ல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிறியாமே." கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் அவன் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கக் கை நீட்டியது உண்மைதான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தக் கை குழந்தையின் மேல் படக் கூடாது என்று மட்டும் உடம்பு தானாகப் பின்வாங்கியது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

தை கழிந்து ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மலர்கொடியைப் பார்த்தாள். டவுனில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலையில் இருப்பதாகச் சொன்னாள்.

"குடோன்ல திரும்பக் கூப்பிட்டாங்களாமே?"

"கூப்பிட்டாங்கக்கா. புதுத் தலைவரே வூட்டுக்கு வந்தாரு. அப்பாகூடப் போன்னுதான் சொன்னாரு. நான் போகல."

"தப்பு உன்மேல இல்லன்னு இப்ப எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியுங்க்கா. ஆனா என்மேல தப்பு இருந்திருந்தா? அப்ப என்னை வெறுங்கையில அள்ள விட்டது சரியாப் போயிருக்குமா?" மலர்கொடி கோபமில்லாமல்தான் கேட்டாள். "அன்னிக்குச் சுத்தி நின்னவங்க எல்லாரும் அங்கேயேதான் இருக்காங்க. அவங்க மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால ஒக்கார முடியாது. சோறு எறங்காது."

 அரும்பாவூர் பஸ் வந்து நின்றது. மலர்கொடி "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு ஏறி, உள்ளே போய்விட்டாள்.